நடுக்கட்டத்து எழுத்து

பிப்ரவரி 4, இரவு

அன்புள்ள அக்கா,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் அறையில் உடன் தங்கியிருப்பவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நேரில் இருந்தால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

நான் ஒட்டுப்போர்வைச் சங்கத்துச் செயலாளரின் மகள். நீங்கள் ஊரை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. மேசைகளுக்கு அடியில் ஊர்ந்து, விழுந்த குண்டூசிகளை எல்லாம் காந்தத்தால் பொறுக்கிக்கொண்டிருப்பேனே, அந்தப் பெண்தான். இப்போதும் சங்கத்தில் எனக்குக் காந்தம் என்றுதான் பேர்.

நீங்கள் சங்கத்துக்கு எழுதிய நன்றிக் கடிதத்தைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அம்மா வாசித்தாள். நாங்கள் இன்னமும் தீயணைப்பு நிலையத்து மாடியில்தான் கூடுகிறோம். கீழே மணி அடித்தால் யாராவது ஒருவர் விரலில் குத்திக்கொள்வதும் அப்படியேதான் இருக்கிறது. அன்று மணி அடிக்கவில்லை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து நாங்கள் உங்களுக்கு அனுப்பிய போர்வையின் ஒன்பது கட்டங்களில் எட்டில் சங்கத்தார் ஆளுக்கொரு வரி எழுதியதையும், நடுக்கட்டத்தில் உங்கள் அம்மாவின் வரி இருந்ததையும் நீங்கள் எழுதியிருந்த இடம் வந்தபோது பல் டாக்டரம்மா அழுதுவிட்டார். "ஐந்து வருடம் முன்னால் எல்லோர் எதிரிலும் அம்மாவைப் பற்றி நான் பேசியதற்கு வருந்துகிறேன்" என்ற இடத்தில் அம்மாவே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "பாரு, கட்டிங் அம்மா போனாலும் பொண்ணைத் திருத்திட்டுத்தான் போயிருக்காங்க" என்றார் தபால்காரர் மாமா. நான் பெரியம்மா என்று கூப்பிடுகிற உங்கள் அம்மாவை அவர் இன்னமும் கட்டிங் அம்மா என்றுதான் சொல்கிறார்.

கடைசியில்தான் அந்தக் கல் விஷயம் வந்தது. பெரியம்மாவின் கல்லறைக் கல்லில் அந்த நடுக்கட்டத்து வரியைப் பொறிக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். "மகளே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன்."

அக்கா, அதைப் பொறிக்க வேண்டாம். தயவுசெய்து வேறு எதையாவது பொறியுங்கள். பேரும் தேதியும் மட்டும் போதுமே. ஏன் என்று கேட்காதீர்கள். சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

பதில் எழுதினால் எங்கள் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உறையின் பின்னால் இருப்பது கீழ்வீட்டு முகவரி. அங்கே இருப்பவள் என் வகுப்புத் தோழி, சுண்டெலி என்று கூப்பிடுவோம். அவளுக்கு எதுவும் தெரியாது. கடிதம் வந்தால் கொடுக்க மட்டும் தெரியும்.

காந்தம்


பிப்ரவரி 11

காந்தம்,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழித்துப் போடச் சொல்கிறவர்கள் எழுதாமலே இருந்திருக்கலாம்.

உன்னை நினைவிருக்கிறது. ஒருமுறை என் செருப்பு வாரில் இருந்த ஆணியையும் காந்தத்தால் பிடுங்கப் பார்த்தாய். அந்த வாண்டு எனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டதா?

நேராகவே கேட்கிறேன். உன் அம்மா எழுதச் சொன்னாளா? பொய்க்காரி என்று பேர் வாங்கிப் போனவள் கல் வைக்க வந்துவிட்டாளே என்று அங்கே யாருக்காவது உறுத்துகிறதா? மன்னிப்புக் கேட்டு எழுதியாகிவிட்டது. இன்னும் என்ன வேண்டுமாம்?

நான் இருப்பது மீனை உறைய வைக்கும் கிடங்கு. இரண்டு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி கையுறை, மேலே ஒரு கரடிச் சட்டை. இங்கே யாரும் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்த்ததே இல்லை. அறையில் ஆறு பேர். என் கட்டிலில்தான் போர்வை இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நடுக்கட்டத்தைத் தடவிப் பார்ப்பேன். நல்ல தையல். யார் தைத்தார்களோ, கை சுத்தம். அவளிடமிருந்து ஒரு வரிக்காக ஐந்து வருடம் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வந்துவிட்டது. அதைப் போய் வேண்டாம் என்கிறாய்.

கல்வேலை செய்கிறவர் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் கைவைக்கிறார். காரணம் இருந்தால் அதற்குள் சொல். இல்லையென்றால் இனி எழுதாதே.

இப்படிக் கடுமையாக எழுத நினைக்கவில்லை. கை விறைத்திருக்கிறது. பேனா அழுத்திவிடுகிறது.


பிப்ரவரி 15, இரவு

அக்கா,

அந்தத் தையல் நான் தைத்தது. எட்டுக் கட்டங்களில் அவரவர் கையால் எழுதிய வரிகளின்மேல் நூல் ஓட்டியதும் நான்தான். சின்னக் கை, பிசகாது என்று என்னிடம் கொடுத்தார்கள்.

அந்த வரியும் நான் எழுதியதுதான்.

எழுதிவிட்டேன். இப்போது மிச்சத்தையும் சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத வராது.

செப்டம்பரில் பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நடுக்கட்டத்துக்கான வெள்ளைத் துணியையும் துணியில் எழுதுகிற பேனாவையும் அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பினாள். அந்தப் பேனாவால் முந்தின வாரம் என் புத்தகப் பையில் பூனை வரைந்துவிட்டு மூடியைப் போடாமல் விட்டிருந்தேன். முனை காய்ந்துபோயிருந்தது. பெரியம்மா இரண்டு தடவை கீறிப் பார்த்தார்கள்.

"என்னடி காந்தம், எனக்கு முன்னாடி உன் பேனா போயிடுச்சு?"

எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் போய் வேறு பேனா கொண்டுவந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் என் பென்சில் டப்பாவில் இருந்த பேனாவைக் கொடுத்தேன். எழுதிவிட்டு அதன் பின்பக்க ரப்பரால் தேய்த்தால் அழியுமே, பள்ளியில் எல்லோரும் வைத்திருக்கிறோமே, அந்தப் பேனா. மேலே நூல் ஓட்டப் போகிறோம், மை எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் எழுதினார்கள். இடது கையால் மறைத்துக்கொண்டே எழுதினார்கள், பரீட்சையில் மறைப்பதுபோல. பிறகு நாலாக மடித்து என் கையில் வைத்து, "நான் போனப்புறம் பிரி. அதுக்கு முன்னாடி படிச்சே, ஆவியா வந்து காதைத் திருகுவேன்" என்று சிரித்தார்கள். நான் படிக்கவில்லை. சத்தியமாகப் படிக்கவில்லை.

நாலாம் நாள் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே கட்டங்களை இணைக்க வேண்டும் என்று அம்மா பறந்தாள். எங்கள் சங்கத்தில் துணியில் எழுதியதும் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் அயர்ன் பண்ணிவிட வேண்டும். சூட்டில்தான் அந்த மை பிடிக்கும். எட்டுத் துண்டுக்கும் அப்படித்தான் செய்தேன். ஒன்பதாவதையும் பிரித்து, "மகளே" என்ற முதல் வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு, அழுகை வந்ததால் சட்டென்று கவிழ்த்துவிட்டேன். நன்றாக அழுத்தித் தேய்த்தேன். திருப்பினால் வெள்ளைத் துணி. ஒரு புள்ளி இல்லை. அந்தப் பேனாவின் மை தேய்த்து அழிவதில்லையாம், தேய்க்கிற சூட்டில்தான் அழிகிறதாம். எனக்கு அது தெரியாது.

அம்மா வாசலில் நின்று, "ஆச்சாடி?" என்றாள். "ஆச்சும்மா, நூல் கோக்கிறேன்" என்றேன். உடனே பென்சிலால் அந்த வரியை எழுதி, பெரியம்மாவின் கோணல் எழுத்து மாதிரியே எழுதி, அதன்மேல் தைத்துவிட்டேன். பொண்ணை மன்னிக்காமல் போகமாட்டார்கள் என்று சங்கத்தில் எல்லோரும் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் எழுதினேன். அதுவாகத்தான் இருக்கும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றும் நினைத்தேன். கல்லில் வரும் என்று நினைக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். கல்லை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

காலை. இன்னும் ஒன்று இருக்கிறது. ராத்திரி அதை எழுதாமல் உறையை ஒட்டிவிட்டேன், இப்போது பிரித்துச் சேர்க்கிறேன். அதே பேனா இன்னொன்று வாங்கினேன். அட்டையில் பொடி எழுத்தில், சூட்டில் மறைந்த மை கடும் குளிரில் திரும்பி வரலாம் என்று போட்டிருக்கிறது. ஒரு துணியில் எழுதி, அயர்ன் செய்து, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் இரண்டு நாள் ஒளித்து வைத்துப் பார்த்தேன். மங்கலாக வந்தது. உங்கள் கிடங்கு இதைவிட ரொம்பக் குளிர்ந்திருக்கும் இல்லையா?

நான் எழுதியது தப்பு என்று அதில் இருந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டும்.


பிப்ரவரி 24

காந்தம்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கல்வேலை செய்கிறவருக்குப் போன் செய்தேன். "மகளே" வரைக்கும் வெட்டிவிட்டாராம். "மிச்சத்தை எப்பம்மா சொல்லுவீங்க?" என்றார். சொல்கிறேன் என்றேன். என்னிடம் அன்று மிச்சம் எதுவும் இல்லை.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. அதைத்தான் உண்மையிலேயே கிழித்தேன்.

பிறகு போர்வையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, மேற்பார்வையாளரிடம் மூட்டைப்பூச்சி என்று சொல்லி, இறால் வைக்கிற உள்ளறையில் வைத்தேன். பூச்சி பிடித்த கம்பளியை இங்கே எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள், கேள்வி வராது. மூன்று நாள். நாலாம் நாள் ஷிஃப்டில் பையைப் பிரித்தேன். கையுறையைக் கழற்றாமல் பார்க்க முடியவில்லை, கழற்றினேன்.

வந்திருந்தது. உன் தையலுக்கு ஊடே, கீழே, பக்கத்தில், சாம்பல் நிறத்தில். அவளுடைய எழுத்து. கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போகும் எழுத்து. உன் கோணல் அதன் கால்வாசிகூட இல்லை. நூலைப் பிரித்துத்தான் முழுதாகப் படிக்க முடிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக அறுத்து எடுத்தேன். இதுதான் இருக்கிறது:

"மகளே, நீல நட்சத்திரப் போர்வை நீ தைத்தது. பரிசும் உன்னுடையது. அன்று பொய் சொன்னது நான். இதை எல்லோரும் பார்க்கட்டும்."

நீ அப்போது குழந்தை, உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சட்டைக் கம்பெனியில் முப்பது வருடம் துணி வெட்டியவள், சங்கத்தையே தொடங்கியவள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். அதனால் கண்காட்சிக்கு அந்த நீல நட்சத்திரப் போர்வையை நான் தைத்தேன். அவள் பேரில் கொடுத்தோம். சும்மா ஒரு மரியாதைக்கு. முதல் பரிசு வந்துவிட்டது. மேடையில் அவளைக் கூப்பிட்டார்கள். அங்கேயே "மகள் தைத்தது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் தாமதித்தாள். அப்புறம் சொல்ல முடியவில்லை. வீட்டில் கேட்டேன், மழுப்பினாள். கோபத்தில் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமான்னு முதல்ல கேளுங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் போர்வை ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடிக்குள் இன்னும் தொங்குகிறது, கீழே அவள் பேரோடு. அவள் அதைத் தாண்டித்தான் சாகப் போயிருக்கிறாள்.

பிறகு நீ தைத்த வரி வந்தது. மன்னித்துவிட்டேன் என்று. நான் செய்யாத தப்புக்கு. அதைப் படித்து ஒரு நாள் பூராவும் கொதித்தேன். அப்புறம் செத்தவளோடு என்ன வழக்கு, அவளுக்குத் தப்பு என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்துக்குத்தான் உங்கள் பல் டாக்டர் அழுதிருக்கிறார்.

அந்தச் சாம்பல் எழுத்தின்மேல் நான் நூல் ஓட்டிவிட்டேன். இனி வெயில் பட்டாலும் போகாது. ஆனால் இதை நான் காட்டினால் யார் நம்புவார்கள்? துணி என்னிடம் இருக்கிறது, தைத்திருப்பதும் நான். பொய்க்காரி என்ற பேர் ஏற்கெனவே எனக்குத் தைத்துப் போட்ட சட்டை.

அவள் எழுதியதையும் அது அழிந்ததையும் நீ பார்த்தாய். வேறு யாரும் பார்க்கவில்லை.


பிப்ரவரி 28, இரவு

அக்கா,

அன்று நானும் சிரித்தேன். மேசைக்கு அடியில் இருந்துகொண்டு. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே சிரித்தேன். உங்கள் கால் மட்டும் தெரிந்தது, நேராக நின்றுகொண்டே இருந்தது, பிறகு கதவுப் பக்கம் போனது.

பெரியம்மா எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதை அழித்துவிட்டு, உங்களுக்கு மன்னிப்புக் கொடுத்திருக்கிறேன். திருடு கொடுத்தவரையே கூப்பிட்டு, போனால் போகிறது போ என்று சொன்ன மாதிரி. சோற்றில் கை வைத்தால் இதுதான் ஞாபகம் வருகிறது. "என்னடி கோழி மாதிரி கொத்திக்கிட்டிருக்கே?" என்கிறாள் அம்மா.

வரும் சனிக்கிழமை கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன். பேனாவையும் கொண்டுபோய் அயர்ன் பெட்டியில் செய்தே காட்டுகிறேன்.

காந்தம்


மார்ச் 10

காந்தம்,

சனிக்கிழமை போய் ஒரு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சங்கத்திடமிருந்து மட்டும் ஆண்டுக் கண்காட்சிக்கு ஓர் அழைப்பு வந்தது. உன் அம்மாவின் கையெழுத்து. "மனம் திருந்திய மகளாக நீங்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறாள், அது தெரிகிறது.

நான் வரவில்லை என்று எழுதிவிடலாம். இல்லை, போய் நின்று நன்றி சொல்லிவிட்டு வரலாம். இந்த இரண்டில் எதைச் செய்வது என்று உன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உனக்குப் பதினாலு வயது, அது எனக்கு நினைவிருக்கிறது. என் அம்மாவுக்கு மேடையில் நின்ற அந்த ஒரு நிமிடத்தைத் தாண்ட ஐந்து வருடம் ஆயிற்று. தாண்டும்போது பேனா சரியில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.


மார்ச் 14, இரவு

அக்கா,

சனிக்கிழமை எழுந்து நின்றேன். அது நிஜம். பேனா கையில் இருந்தது, அயர்ன் பெட்டி சூடாக இருந்தது. "எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அப்போது பார்த்துக் கீழே மணி அடித்தது. தபால்காரர் மாமா வழக்கம்போல விரலில் குத்திக்கொண்டு, "ஐயையோ, நெருப்பு எனக்குத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வண்டி கிளம்பியதை எட்டிப் பார்த்தார்கள். யார் வீடு எரிகிறதோ தெரியவில்லை, அந்த மணி அடித்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. அதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அம்மா, "என்னவோ சொல்ல வந்தியேடி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "அதுக்கு முன்னாடி நாங்க ஒண்ணு சொல்றோம்" என்று ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். பெரியம்மா தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்கிற வெள்ளித் தொப்பி. அந்த நடுக்கட்டத்தை அவ்வளவு நன்றாகத் தைத்ததற்காகச் சங்கம் எனக்குக் கொடுக்கிறதாம். இனிமேல் நான் குண்டூசி பொறுக்க வேண்டாமாம், முழு உறுப்பினராம். கை தட்டினார்கள். மாட்டிப் பார் என்றார்கள். மாட்டினேன். பெரிதாக இருந்தது, விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. "என்ன சொல்ல வந்தே?" என்று பல் டாக்டரம்மா கேட்டார். "நன்றி" என்று சொன்னேன்.

அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை. எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் வந்து நன்றி சொல்லக் கூடாது. வராமலும் இருக்கக் கூடாது. அந்தத் துணியைக் கொண்டுவந்து நீல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். அதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் என்னால் முடியாது, அது எனக்கே தெரிந்துவிட்டது. அம்மா ஒருத்தியிடம் முதலில் சொல்ல வேண்டும். அவள் அடித்தால் அடிக்கட்டும். அடிக்கமாட்டாள், அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் துணியை மடித்துக்கொண்டே இருப்பாள்.

அவளுக்கு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தடவை கிழித்து இது நாலாவது. நாலே வரி. பேனா காய்ந்தது, வேறு பேனா கொடுத்தேன், அயர்ன் செய்ததில் எழுத்து போய்விட்டது, மன்னித்துவிட்டேன் என்று எழுதியது பெரியம்மா இல்லை, நான். காலையில் அவள் எழுந்ததும் மேசையில் இருக்கும்படி வைத்துவிடலாம் என்று

அம்மா கதவைத் தட்டுகிறாள். விளக்கு வெளிச்சம் அடியில் தெரிந்திருக்கும்.

"இன்னும் தூங்கலையாடி? யாருக்கு எழுதிக்கிட்டிருக்கே?"

கணக்கு நோட்டு என்று சொல்ல வாய் வந்துவிட்டது அக்கா. அதற்குப் பதிலாக, "கட்டிங் அம்மா பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போகவில்லை, நிழல் அங்கேயே நிற்கிறது. மறுபடி தட்டுகிறாள், இந்தத் தடவை மெதுவாக. தாளை எடுத்துக்கொண்டு நான் கதவைத் திறக்கப் போகிறேன் அக்கா.